விளக்கேந்தி நிற்கும் பாவை

மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணுக்குச் சிலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாம் படிக்கும் வார்ப்படத் தொழிலுக்கும் கோயிலில் நிற்கும் பாவை விளக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இரு கைகளிலும் அகல் ஏந்தி நேராக நிற்கும் பெண் சிலைதான் பாவை விளக்கு. தீபலட்சுமி என்றும் சொல்வார்கள். ஆனால் இவள் பூஜை பெறும் தெய்வம் அல்ல. சாமிக்கு முன்னால் விளக்குப் பிடித்து நிற்கும் பெண். வேண்டுதலுக்காகக் கோயிலில் வைக்கப்படுபவள்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் இப்படி ஒரு பாவை உண்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண்ணான அம்மனு அம்மணி, தன் உறவினர் பிரதாபசிம்மனை மணக்க வேண்டும் என்று லட்ச தீபம் நேர்ந்துகொண்டார். அது நிறைவேறியதும் 1853-இல் தன்னையே ஒரு விளக்காக அங்கே நிற்க வைத்தார். இதெல்லாம் அந்தச் சிலையிலேயே எழுத்தாகப் பொறித்திருக்கிறது!

கிரேக்க நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தார், கையில் பழமோ பறவையோ ஏந்திய இளம்பெண் சிலைகளை அதீனா தேவிக்குக் காணிக்கை வைத்தார்கள். அவற்றுக்குக் 'கோரே' என்று பெயர். பளிங்கில் செதுக்கி வண்ணமும் பூசுவார்கள். கல்லறை மேலும் வைப்பதுண்டு. 1972-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பிராசிக்ளியா என்ற பெண்ணின் சிலை அப்படிப்பட்டது. கல்யாணம் ஆகும் முன்பே இறந்துபோனவள் அவள். அதில் அவள் பெயரோடு, செதுக்கிய அரிஸ்டியோன் பெயரும் இருக்கிறது.

நம் ஊர் உலோகச் சிலையை எப்படிச் செய்கிறார்கள்? சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, கம்பி கட்டுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைப்பார்கள். அச்சை உடைத்துவிடுவதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். நம் பாடத்தில் வரும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் இதே தத்துவம்தான்! விமான இன்ஜினின் டர்பைன் பிளேடுகூட இந்த முறையில் வார்க்கப்படுகிறது.

ஆனால் நம் பழைய சிலைகளில் கொடுத்தவர் பெயர் இருந்தாலும், வார்த்தவர் பெயர் இருப்பது அபூர்வம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் பஸ்ஸில் போகிற பெண்களைப் பாருங்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. எட்டு மணி நேரம் லைனில் நின்று அவள் கோர்க்கும் பொருளில் கம்பெனி பெயர்தான் இருக்கும். எங்க வீட்டில் முதன்முதலா காலேஜுக்கு வந்தவள் நான். என் பரீட்சைக் கட்டணம் அவள் சம்பளம்.

அடுத்த முறை கோயிலுக்குப் போனால் பாவை விளக்கின் அருகே கொஞ்சம் நில்லுங்கள். பீடத்தில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாசியுங்கள். இல்லையென்றாலும், இதை ஒரு கை செய்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி