எழுத்தின் பருமன்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆராதனைக்குப் போகிறவர்களைக் கவனித்தால், கறுப்பு உறையிட்ட வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிச் செல்லும் பெரியவர்களையும், சட்டைப்பையில் கைபேசியோடு சரி என்று செல்லும் பிள்ளைகளையும் பக்கம் பக்கமாகவே காணலாம். தொழிற்பேட்டையிலோ கனரக வாகனத் தொழிற்சாலையிலோ உழைத்து ஓய்வுபெற்று, அச்சுப் புத்தகத்தின் பொடியெழுத்து கண்ணுக்கு எட்டாமலும், கைபேசியின் குறுகிய திரை மனத்துக்கு ஒவ்வாமலும், டேப்லெட் ஒன்று வாங்கினால் என்ன என்று யோசிக்கிறவர்கள் இவ்விரு சாராருக்கும் இடையில் இருக்கிறார்கள்; இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களை உத்தேசித்தது.

கடைக்காரர் முதலில் காமிராவின் மகிமையைத்தான் பேசுவார். அதற்கும் வேதவாசிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வேதாகமம் முழுவதன் வாசகமும் சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடும். நாலு ஜிபி ராம் உள்ள சாதாரண சாதனமே இதற்குத் தாராளம். ஒலி வேதாகமத்தையும் இறக்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர் மாத்திரம் சேமிப்பிடத்தைப் பற்றிச் சற்று விசாரித்தால் போதும். கவனிக்கவேண்டிய அங்கம் திரை ஒன்றே.

எழுத்தின் பருமன் தமிழ் வேதாகமத்துக்குப் புதிய பிரச்சினையன்று. சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1714-இல் சுவிசேஷங்களை அச்சிடத் தொடங்கி, 1715-இல் புதிய ஏற்பாட்டை நிறைவு செய்த காலத்திலேயே, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்து, அருமையாய்க் கிடைத்த காகிதத்தை விழுங்கத் தலைப்பட்டமையால், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொள்ள நேர்ந்தது. பிற்காலத்தில் அறுபத்தாறு புத்தகங்களையும் ஒரே கட்டடத்தில் அடக்கவேண்டிய நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. காகிதம் விதித்த அந்த வரம்பு திரையில் இல்லை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் செலவு கூடுவதில்லை. டேப்லெட்டின் மெய்யான பிரயோஜனம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் பெரிய திரையெல்லாம் நல்ல திரையாகிவிடாது. 10.1 அங்குலத் திரையில் 1280-க்கு 800 என்ற அளவில் புள்ளிகள் இருந்தால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 149 புள்ளிகளே விழும். 11 அங்குலத்தில் 1920-க்கு 1200 இருந்தால் 206 ஆகும். ணகரத்தின் சுழிகளும், மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியும், துணைக்காலும் ரகரமும் ஒன்றோடொன்று மயங்காமல் தெரிவது இந்தப் புள்ளி நெருக்கத்தைப் பொறுத்தது. ஆகையால் கடையிலேயே 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொல்லி, வீட்டில் வாசிக்கும் தூரத்தில் பிடித்து, கண்ணுக்கு இதமாகும்வரை எழுத்தைப் பெருக்கிப் பார்ப்பதே உத்தமமான பரீட்சை. 11 அங்குலச் சாதனம் சுமார் அரைக் கிலோ கனக்கும். மேஜைமேல் வைத்து வாசிக்கிறவர்க்கு அது பாரமில்லை, வீடுவீடாக ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்க்கு எட்டு அங்குலமே சௌகரியம்.

சாதனத்துக்கு முன்பே தீர்மானிக்கவேண்டியது மொழிபெயர்ப்பு. போவர் முதலியோர் உழைத்து 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் கிடைக்கும். கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியமோ, அதிலுள்ள இணைத்திருமுறை நூல்களோ எல்லாவற்றிலும் கிடைக்குமென்று எண்ணிவிடக் கூடாது. இலவசமான யூவெர்ஷன் செயலியில், இறக்கிக்கொள்ள அனுமதியுள்ள மொழிபெயர்ப்புகளை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால், ஆவடி மின்சார ரயிலில் சிக்னல் அறுந்தாலும் வாசிப்பு அறாது. தேடுவதில் ஒரு சூட்சுமம்: பல செயலிகள் நாம் தட்டிய எழுத்துக்களை அப்படியே தேடுகின்றன, 'அன்பு' என்று தட்டினால் 'அன்பினால்' என்ற இடம் அகப்படாது, 'அன்ப' என்று நிறுத்திக்கொண்டால் அகப்படக்கூடும். பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளில் இவ்வித்தை பலிக்காது. யூனிகோடில் உள்ளதையே நாடவேண்டும்.

2016 முதல் தமிழ் நூல்கள் கிடைக்கும் கிண்டில் போன்ற மின்தாள் சாதனம், வெயிலிலும் கண் கூசாமல், ஆதியாகமம் தொடங்கி வரிசையாக வாசித்துச் செல்வதற்கு மிக நன்று. ஆனால் போதகர் பிரசங்கத்தின் நடுவே ரோமரிலிருந்து ஏசாயாவுக்கும் அங்கிருந்து எபிரெயருக்கும் தாவும்போது, அதன் மந்தகதி பொறுமையைச் சோதிக்கும்.

சிம் இல்லாத, வைஃபை மாத்திரம் உள்ள டேப்லெட் விலையும் குறைவு. தியான வேளையில் வங்கிக்காரரின் அழைப்பும் அதில் வராது. இத்தனைக்கும் பிறகு கடைக்குப் புறப்படுமுன், 2020-இல் பேரப்பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென வாங்கி, இப்போது அலமாரியில் தூங்கும் டேப்லெட் வீட்டில் உண்டா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. அது செயலியை ஏற்று, அரைநாள் மின்தடையையும் தாங்கினால், புதிதாக ஒன்றை வாங்கவேண்டிய அவசியமே இராது.