எம்சிபிக்குத் தெரியாத லூஸ் கான்டாக்ட்

மார்கழி வந்தால் வரதராஜன்பேட்டையிலும் வாளிக்குள் ஹீட்டர் ராடு இறங்கும். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்டில் செருகிவிடுகிற பழக்கம் எந்த ஊரில்தான் இல்லை? 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். பாயின்ட் தாங்கும் அளவு அங்கேயே தாண்டிவிடுகிறது. ஆனால் பாயின்ட் கருகுவதற்கு அதைவிடப் பெரிய காரணம், பின்பக்கம் சரியாக முடுக்காத ஒரு ஸ்குரூ.

கம்பி தொளதொளக்கும் இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தாலே 20 வாட் வெப்பம் கிளம்பும். சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்து மூடியது மாதிரிதான். சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். ஸ்குரூ இன்னும் தளரும், செம்பு கறுக்கும், தடை ஏறும். "அதான் எம்சிபி இருக்கே" என்பார்கள். லூஸ் கான்டாக்டால் கரன்ட் கூடுவதில்லை; கூடாதவரை எம்சிபி சும்மாதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கட்டாகும் ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து உயிரைக் காக்கும், அவசியம் வேண்டும். அதற்கும் இந்தச் சூடு தெரியாது. மீன் வாங்காத நாளில் சுவிட்ச் பாக்ஸ் பக்கம் கவிச்சி அடித்தால் உடனே மெயினை இறக்குங்கள்; பிளாஸ்டிக் வேகிற வாடையாக இருக்கலாம்.

நல்ல வயர்மேனின் கையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோலை உரிப்பார். ஒரு இழைகூட அறுபடாது. இழைகளை முறுக்கி, துளை பெரிதாக இருந்தால் கம்பியை மடித்து, அடிவரை செருகி முடுக்குவார். ஸ்குரூவுக்கு அடியில் தோல் சிக்கக் கூடாது, வெளியே செம்பும் தெரியக் கூடாது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்ப்பார். அந்த ஒரு இழுப்பைத்தான் அவசர வேலைக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். முனையில் ஈயம் வைப்பதும் தப்பு. ஸ்குரூ அழுத்த அழுத்த ஈயம் நசுங்கிப் பிடி தளரும். பிளக் இல்லாமல் வெறும் கம்பியைத் துளையில் விட்டுத் தீக்குச்சி சொருகுவதைப் பற்றி என்ன சொல்ல!

பாயின்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே பெரிய துளை எர்த். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். எர்த் துளை இருந்தால் போதாது. பின்னால் பச்சைக் கம்பி மாட்டியிருக்க வேண்டும். முந்திரி விளையும் வரதராஜன்பேட்டைச் செம்மண் கோடையில் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் சில பாயின்டுகளில் கரன்ட் இருக்கும். டெஸ்டரை முதலில் உயிருள்ள பாயின்டில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, வேலை செய்யும் பாயின்டில் டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்த பிறகே பாக்ஸைத் திறக்க வேண்டும். கம்பம் முதல் மீட்டர் வரை பழுதென்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் பாடு. தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.