திருத்தணி மாணவன்

செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாக அந்தப் படம் மாலையோடு நிற்கும். ‘நம்ம ஊர்க்காரர்’ என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அலுப்பே வந்ததில்லை. 1888-இல் இங்கே பிறந்தவர், நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர், 1962 முதல் அவர் பிறந்த நாள்தான் ஆசிரியர் தினம். இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்ற மாணவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லூரி முடித்து இருபது வருஷம் கழித்து, நானாகத்தான் தேடிப் படித்தேன்.

தன் கல்லூரி நாள்களை அவர் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ‘மை சர்ச் ஃபார் ட்ரூத்’ என்று பெயர். 1937-இல் வெளிவந்தது. அப்போது அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே 1937-இல்தான் அவர் படித்த சென்னை கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் கட்டடங்களைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபோனது. அவர் நினைவில் இருந்த வகுப்பறையில் இனி கல்லூரியே இல்லை. இந்த இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன என்று தெரிந்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

அப்பா வீராசாமிக்கு ஜமீனில் சிறிய உத்தியோகம். பையன் உதவித்தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார்: திருத்தணி, திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் ஊரிஸ் கல்லூரி, பிறகு பதினாறு வயதில் சென்னை. பி.ஏ.வுக்கு என்ன பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தது. அந்தச் சமயத்தில் படிப்பை முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய பாடப்புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஸ்டவுட் எழுதிய உளவியல், வெல்டனின் தர்க்கவியல், மெக்கன்சியின் அறவியல். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். அதனால் தத்துவம் எடுத்தார். அவரே சொல்லும் கணக்கு இவ்வளவுதான். பின்னால் உலகமே தத்துவ ஞானி என்று கொண்டாடிய மனிதர், அந்தத் துறைக்கு வந்தது இரவல் புத்தகத்தால்.

இதைப் படித்ததும் நான் எழுந்துபோய்ப் பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். எனக்கும் அப்படித்தான் வரலாறு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பி.ஏ. முடித்துவிட்டுத் தன் புத்தகங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். “வீணா எடைக்குப் போடறதுக்கு நீ படி” என்றார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் அவர் பெயர், வகுப்பு, வருஷம். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். எந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார். மூன்று வருஷம் அந்த நட்சத்திரங்களை நம்பித்தான் பரீட்சை எழுதினேன்.

சென்னையில் கல்லூரி. தினமும் ரயில். விடிவதற்குள் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பாவோடு ஸ்டேஷனுக்கு ஓட்டம். சீசன் டிக்கெட், அரக்கோணத்தில் ஏறும் கூட்டம், நின்றுகொண்டே படித்த நோட்ஸ். எங்கள் பெட்டியில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புரளும். அது தப்பு என்று கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. முதல் வருஷத்தில் ஒரு பேராசிரியர் நான் பேசியதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “நீ பார்டர் பொண்ணா?” என்றார். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் ‘பார்டர்’. பல மாதம் வாயே திறக்கவில்லை.

ராதாகிருஷ்ணனின் காயம் இதைவிடப் பெரியது. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரிலும் சென்னையிலும் மிஷன் கல்லூரிகள். அங்கே அவர் வீட்டில் கும்பிட்ட சாமியையும் நம்பிய சமயத்தையும் பாடத்தோடு பாடமாக விமர்சித்தார்கள். அது தன் நம்பிக்கையை உலுக்கியது என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விவேகானந்தரின் எழுத்தும் பேச்சும் ஊட்டிய பெருமிதம் ஒரு பக்கம், வகுப்பில் கேட்கும் குத்தல் மறு பக்கம். உலகமே மாயை என்னும் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு ஏது இடம் என்பது அந்தக் காலத்து விமர்சகர்களின் பெரிய கேள்வி. அவர் எழுந்து சண்டை போடவில்லை. நூலகத்துக்குப் போனார். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வேதாந்தத்தின் அறவியலையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். 1908-இல் அது அச்சில் வந்தபோது அவருக்கு இருபது வயது.

அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், 1903-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி. ஆய்வேட்டைப் பார்த்தால் அவர் மனம் புண்படுமோ என்று மாணவருக்குப் பயம். நடந்தது வேறு. சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் திறமை இந்த மாணவருக்கு இருக்கிறது, ஆங்கிலமும் சராசரிக்கு மேல் என்று பாராட்டி ஹாக் சான்று எழுதிக் கொடுத்தார். தன் மதத்துக்காகக் கடல் கடந்து வந்தவர், எதிர்வாதம் எழுதிய பையனுக்கு எழுதிக் கொடுத்த சான்று அது. ஹாக்கும் எடின்பரோவில் மாணவராக இருந்தபோது நம்பிக்கை ஆட்டங்கண்டு தவித்தவர்தான். அந்தத் தவிப்பை அறிந்தவர் என்பதால்தான் இந்தப் பையனின் எழுத்தை அவரால் அப்படிப் படிக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர் தினத்தன்று ராதாகிருஷ்ணன் படத்துக்குப் பக்கத்தில் ஹாக்கின் படத்தையும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிசம்பர் 31 இரவு எங்கள் ஊரில் படித் திருவிழா. மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போகிற வழக்கத்தை மாற்றி, முருகனைப் பார்க்க வாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. எங்கள் ரயில் கூட்டத்தில் மிச்சமிருக்கும் நான்கு பேர் அந்த இரவில்தான் சந்திக்கிறோம். போன முறை, பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, சித்தூரில் கட்டிக்கொடுத்த சிநேகிதி கேட்டாள்: “பார்டர், அந்த சாரை இன்னும் திட்டறியாடி?”

யோசித்தேன். மூன்றாம் வருஷத்தில் எனக்குக் கல்வெட்டுப் படிக்கச் சொல்லித் தந்தது அதே சார். ஊருக்குப் போய் உன் கோயில் சுவரைப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். நான் எழுதிக்கொண்டு போனதை வரிவரியாகத் திருத்தினார். சிரித்ததற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்லூரிப் படத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வலி, நன்றி இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எது முதலில் வரும் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் அதையேதான் சொன்னேன். “சரி, எழுந்திரு. கற்பூரம் அணையறதுக்குள்ள அடுத்த படி” என்றாள்.

இந்த ஜூனில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். எங்கள் ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து காட்டினேன். பாடத்திட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, பாதிக்கு மேல் உதவாது என்று சொல்லியும் மூன்றை எடுத்துக்கொண்டாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். அக்காவின் நீல மை. அதன் கீழே என் பெயர்.

“இதை அடிச்சிட்டு எழுதட்டுமா அத்தே?”

“அடிக்காதே. கீழே இடம் இருக்கு பார்.”

பேனாவை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, தன் பெயரை எழுதினாள். வருஷம் போட மறந்துவிட்டாள். கூப்பிட்டுப் போட வைத்தேன்.