கம்ப்யூட்டருக்கும் வந்தது கப்பல் பெட்டி!

குமரி மாவட்டத்தார் படிப்பில் சளைத்தவர்கள் அல்லர். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, இங்கே நூற்றுக்குச் சுமார் 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டிலேயே இதுதான் முதல் இடம். இங்கே படித்த வாலிபர்களும் பெண்களும் திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கப் போகிறார்கள்.

உத்தியோகத்தின் முதல் நாள் எப்படி இருக்கும், தெரியுமா?

புதிய ஆளிடம் ஒரு கையேட்டைக் கொடுப்பார்கள். "இதில் உள்ளபடி உன் கம்ப்யூட்டரைத் தயார் செய்" என்பார்கள். அதில் முப்பது, நாற்பது படிகள் இருக்கும். இந்த மென்பொருளில் இந்தப் பதிப்பு வேண்டும். அந்த டேட்டாபேஸை இப்படி வைக்க வேண்டும். இந்த எண்ணை அங்கே மாற்ற வேண்டும். பதினெட்டாவது படியில் ஏதோ ஒரு பிழை வரும். கையேட்டை எழுதியவர் இரண்டு வருஷத்துக்கு முன்பு எழுதியிருப்பார். அதற்குள் எல்லாப் பதிப்பும் மாறியிருக்கும்.

அவரிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்? "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!" உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் பதில் இதுதான்.

வீட்டிலிருந்து பழகும் மாணவன் பாடு இன்னும் மோசம். கேட்க ஆள் இல்லை. "என்ன மக்ளே, ராவும் பகலும் இதையே நோண்டிட்டு இருக்க?" என்று பாட்டி கேட்பாள். இரண்டு நாள் முட்டி மோதிவிட்டு, "எனக்கு இது வராது" என்று பையன் மூடி வைத்துவிடுவான். புரோகிராமில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டான். அதற்குள் தோல்வி! இப்படி எத்தனை பேர் ஒதுங்கிப் போனார்களோ!

ரப்பர் கன்று

இதற்கு வழி என்ன? குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாற்றுப் பண்ணையில் பாலிதீன் பையில் மண் நிரப்பிக் கன்றை வளர்க்கிறார்கள். மழை தொடங்கியதும் அந்த மண்ணோடு கொண்டுபோய் நடுகிறார்கள். வேர் கலையாததால் கன்று வாடுவதில்லை.

மென்பொருளையும் அப்படியே, அதற்கு வேண்டிய மண்ணோடு அனுப்பினால் என்ன? அதுதான் 'கண்டெய்னர்'. புரோகிராமும், அது ஓடத் தேவையான எல்லாப் பொருள்களும், சரியான பதிப்பில், ஒரே கட்டாக வந்துவிடுகின்றன. (ஒரு வித்தியாசம்: ரப்பர் கன்றை நடும்போது பையைக் கிழித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரிலோ பையோடுதான் வைக்கிறார்கள்!)

பெயர் கப்பலிலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26-ந் தேதி, மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 உலோகப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதே மாதிரிப் பெட்டிகளைத் தூத்துக்குடி சாலையில் லாரிகளின் மேல் இன்று பார்க்கலாம். உள்ளே என்ன இருந்தாலும் தூக்குகிற விதம் ஒன்றே.

கம்ப்யூட்டரில் இதைப் பிரபலமாக்கியது 'டாக்கர்' என்ற மென்பொருள். சாலமன் ஹைக்ஸ் என்பவர் 2013 மார்ச்சில் இதை வெளியிட்டார். பெட்டியை எப்படித் தயாரிப்பது என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிவிடுகிறார்கள். கையேட்டை மனிதன் படித்துச் செய்வதற்குப் பதிலாக, அந்தக் கோப்பை யந்திரமே படித்துச் செய்கிறது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இல்லை. ஒரே வளவில் பல குடித்தனம், கிணறு மட்டும் பொது என்பது போல, 'கெர்னல்' என்ற அடிப்படைப் பகுதியை எல்லாப் பெட்டிகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. அதனால் பாரம் குறைவு. விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களில் மட்டும் அடியில் ஒரு சிறிய லினக்ஸ் ஓட வேண்டும்.

விக்கிப்பீடியாவில்

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பலர் படித்திருப்பார்கள். அதை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி. யார் வேண்டுமானாலும் அதைத் திருத்த உதவலாம். அதன் கையேட்டிலும் இப்போது டாக்கர் வழி இருக்கிறது. நாலைந்து கட்டளைகள் போட்டால், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு குட்டி விக்கி எழுந்து நிற்கிறது! எழுத்துப் பிழையைத் திருத்த விரும்பும் பெண் ஒருத்தி, முதல் நாளே வேலையில் இறங்கலாம்.

இதனால் கையேடு எழுதுகிறவர்கள் பழைய படிகளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. என் அபிப்பிராயம், அவை கடைசிப் பக்கத்திலாவது இருக்கட்டும். பெட்டி திறக்காத அன்று, உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தவன்தான் பிழைப்பான். பதிப்பு எண்களையும் கோப்பில் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே பெட்டி அடுத்த வருஷம் வேறு சரக்கோடு வரும். முகம் தெரியாதவர்கள் செய்த பெட்டியை இறக்குவதும் ஆபத்து.

டாக்கர் டெஸ்க்டாப் மாணவர்களுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் இலவசம். பெரிய கம்பெனிகள் பணம் கட்ட வேண்டும் என்று 2021-ல் விதி வந்தது. 'பாட்மேன்' என்ற மற்றொன்று எல்லாருக்கும் இலவசம்.

முதல் தடவை பெட்டியை இறக்க நிறைய டேட்டா செலவாகும். கைபேசி இணைப்பை நம்பியிருக்கும் மாணவர்கள் கல்லூரியிலேயே இறக்கிக் கொண்டு வருவது நல்லது. பிறகு வீட்டில் இணைப்பு இல்லாவிட்டாலும் பெட்டி திறக்கும்.