முள்ளை முள்ளால் எடுக்கும் நுண்ணுயிர்

மலேசியாவின் கேமரன் மலையில் பெர்த்தாம் ஆற்றை மறித்து நிற்கிறது சுல்தான் அபு பக்கார் அணை. 1963-இல் அது தேக்கிய நீர்தான் ரிங்லெட் ஏரி. மேலே தேயிலைத் தோட்டங்கள், காய்கறிப் பண்ணைகள், விடுதிகள். மழை பெய்தால் மண்ணும் உரமும் கழிவும் இங்கேதான் இறங்கும்.

உலகெங்கும் தேயிலைக்கு இடும் உரங்களில் ஒன்று அமோனியம் சல்பேட். அதில் நைட்ரஜன் 21 விழுக்காடு, கந்தகம் 24. செடி எடுத்தது போக மிஞ்சும் அமோனியம் மண்ணிலேயே நைட்ரேட்டாகி நீரோடு போகிறது. சல்பேட்டும் கூடவே போகிறது. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் ஒருவகை பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம், மீனுக்கு நஞ்சு.

நைட்ரேட், சல்பைடு என்ற இந்த இரண்டு கேடுகளையும் ஒன்றோடொன்று மோதவிடும் பாக்டீரியாவும் உண்டு: தயோபேசில்லஸ் டீநைட்ரிஃபிகன்ஸ். சல்பைடு அதற்குச் சோறு, நைட்ரேட் மூச்சு. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும். காற்றில் 78 விழுக்காடு அதுதானே. சல்பைடு கந்தகமாகவோ சல்பேட்டாகவோ மாறும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு ஈஸ்ட் ஆலையின் கழிவுநீர்ச் சோதனைத் தொட்டியில் இந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது. இந்த வேலையில் பங்கில்லாத அமோனியமும் அதில் காணாமல் போனது. ஆக்சிஜன் இல்லாமல் அமோனியம் எரியுமா? எரியும் என்று 1977-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் எங்கெல்பர்ட் ப்ரோடா என்ற அறிவியலாளர். அந்தத் தொட்டியை ஆராய்ந்த முல்டர் குழு 1995-இல் அது நடப்பதை அறிவித்தது. இதைச் செய்யும் அனமாக்ஸ் என்ற செந்நிற பாக்டீரியா அமோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து நைட்ரஜன் வாயுவாக்குகிறது. காற்றடிக்கும் மின்சாரம் பெருமளவு மிச்சம். ஆனால் மகா சோம்பேறி. இரட்டிக்கச் சுமார் 11 நாள் ஆகும். ராட்டர்டாமில் 2002-இல் தொடங்கிய முதல் முழு அளவுத் தொட்டி சரியாக இயங்க மூன்று ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கேமரன் மலைக்கு அனமாக்ஸ் ஒத்துவருமா? ஊர்க்கழிவைத் திரட்டும் நிலையத்தில், அதுவும் செறிந்த கசடு நீருக்கு, முயலலாம். முப்பது டிகிரிக்கு மேல் சூட்டில் நன்றாக வளரும் உயிருக்கு மலைக்குளிர் ஒரு தடை. சரிவெல்லாம் பரவி ஓடும் உரநீரை எந்தத் தொட்டியிலும் பிடிக்க முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். அதற்குத் தோதானது, ஓடையோரம் கந்தகத் துண்டும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய பள்ளம். தயோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா கந்தகத்தைத் தின்று நைட்ரேட்டைச் சுவாசிக்கும். பிறக்கும் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் அடக்கும். கந்தகம் தீரத்தீர நிரப்ப வேண்டும். கீழே போகும் நீரில் சல்பேட் கூடும். அது இதற்குக் கொடுக்கும் விலை.