கேஷில் அகப்பட்ட கோப்பு

உலாவியின் கேஷில் சந்தேகத்திற்குரிய கோப்பு இருப்பதாக ஆன்டிவைரஸ் எச்சரித்தவுடன் சிலர் கலங்கிப்போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கின்றனர். வேறு சிலர், அது என்னவென்று அறியும் ஆவலால் அதனைத் திறந்தே பார்த்துவிடுகின்றனர். இரண்டும் தவறு, பின்னது பெருந்தவறு.

கேஷ் என்பது யாது? நாம் பார்க்கும் பக்கங்களின் படங்களையும் நிரல்களையும், மறுமுறை விரைவாகக் காட்டும்பொருட்டு, உலாவி நம்மைக் கேளாமலே சேர்த்துவைக்கும் கிடங்கே அது. பக்கத்தின் ஓரத்தில் வந்து நின்ற விளம்பரத்தின் துணுக்குகளும் அதில் போய்ச் சேரும். ஆகவே, ஒரு கோப்பு அங்கே இருப்பதால் அது வந்தது என்று மட்டுமே பெறப்படும்; அது இயங்கியது என்றோ, கம்ப்யூட்டருக்கு உடையவர் விரும்பி வரவழைத்தார் என்றோ பெறப்படாது.

இவ்வேறுபாடு வெறும் தர்க்கமன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரப் பள்ளியொன்றில், 2004-ஆம் ஆண்டு, பதிலாசிரியையாக வந்த ஒரு மாது பாடம் நடத்திய வகுப்பறைக் கம்ப்யூட்டரில் ஆபாசப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. வட்டில் எஞ்சிய தடயங்களைக் காட்டி, அவரே வேண்டுமென்று திறந்தார் என வாதித்தது அரசுத் தரப்பு. கள்ள நிரல் புகுந்துள்ளதா என்று போலீஸார் சோதிக்கவே இல்லை! 2007 ஜனவரியில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியென்றனர். 40 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். பிந்திய பரிசோதனை போலீஸ் சாட்சியத்திற்கு முரணாயிருந்தமையால், அவ்வாண்டு ஜூனில் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று. ஆயினும் 2008-இல் சிறு குற்றமொன்றை ஒப்புக்கொண்டு, 100 டாலர் செலுத்தி, ஆசிரியத் தொழிலின் உரிமத்தையும் துறந்த பின்னரே அம்மாது விடுபட்டார். நியாயம் வந்தது, நொண்டிக்கொண்டு வந்தது.

பொதுவாழ்வில் ஈடுபட்டு, பிறர் பகையையும் தேடிக்கொண்ட நேயர்கள் இதனை மனத்திற் கொள்வாராக. கோப்பின் பெயர், இருந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கோ விசாரணையோ நடந்துவரின் எதனையும் அழியாது வக்கீலைக் கலந்துகொள்வதே முறை. அவ்வாறில்லையேல், ஆன்டிவைரஸ் அதனைத் தனிமைப்படுத்த விட்டு, உலாவியின் அமைப்புப் பகுதியிற் சென்று கேஷை மட்டும் துடைத்துவிடலாம்; அதனால் கடவுச்சொற்கள் போய்விடா. பின்பு உலாவியைப் புதுப்பித்துக் கம்ப்யூட்டர் முழுவதையும் சோதிக்க வேண்டும்.

ஆன்டிவைரஸும் பிழைபடுவதுண்டு. ஐயம் தீர்க்க வைரஸ்டோட்டல் போன்ற தளத்திற்குக் கோப்பை அனுப்புவோர், அனுப்பியது பிற பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும் என்பதை மறக்கலாகாது. கட்சிக்காரரின் பத்திரம் எதனையும் அங்கே ஏற்றுதல் தகாது.

துடைத்த பின்னும் அதே கோப்பு மீண்டும் தலைகாட்டுமாயின், நாம் நாள்தோறும் செல்லும் ஏதோவொரு தளத்தையோ, உலாவியில் நாமே சேர்த்துக்கொண்ட நீட்சிகளில் ஒன்றையோதான் சந்தேகிக்க வேண்டும். நீட்சிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கள்வன் அகப்படுவான்.