மாற்று இதயமும் உள்ளூர் மருந்துக்கடையும்

2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் உறுப்புதானத்துக்கு அது பெரும் உந்துதல் தந்தது. அறுவை முடிந்து ஊர் திரும்புகிறவருக்கோ நிமிடக் கணக்கு ஓய்ந்து ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருவிடைமருதூரில் அப்படி ஒருவர் வாழ்ந்தால், அவருடைய இதயத் துடிப்பின் ஒழுங்கில் கடைத்தெரு மருந்துக்கடைக்கும் பங்கு உண்டு.

புது இதயத்தை உடல் எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்கப் பெரும்பாலோருக்கு டாக்ரோலிமஸ் என்ற மருந்து தரப்படுகிறது. அது சிறுநீர் வழியே மக்னீசியத்தை இழக்கவைக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும். துடிப்பை நடத்தும் மின்னோட்டம் இந்த உப்புகளை நம்பியிருக்கிறது. பொட்டாசியம் மிகுந்தால் துடிப்பு குலையும். மக்னீசியம் குறைந்தால், ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் ஒருமுறை சுருங்கி மறுபடி தயாராகும் நேரம், நீளக்கூடும். அளவு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, மயக்கமோ திடீர் மரணமோ நேரலாம். சளிக்குக் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசினும் படைக்கு வாங்கும் ஃப்ளுகோனசோலும், ஈரல் டாக்ரோலிமஸைச் சிதைப்பதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். தாமும் அந்த இடைவெளியை நீட்டும். தோட்டத்துப் பம்பளிமாஸும் மருந்தின் அளவை ஏற்றக்கூடியது. நம் தென்னந்தோப்பு இளநீரோ பொட்டாசியம் மிகுந்தது. மாற்று இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருப்பதால், நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையும் பலருக்கு வருவதில்லை.

இவ்வளவு ஆபத்தென்றால் மருந்தையே நிறுத்தலாமே என்று தோன்றும். நிறுத்தினால் உடல் இதயத்தை நிராகரிக்கும். அந்த நிராகரிப்பே துடிப்பைக் குலைக்கும். இப்படி நேர்வது அபூர்வம்தானே என்பார்கள். உண்மைதான், டாக்ரோலிமஸ் மட்டும் இந்த விபரீதத்தில் கொண்டுவிடுவது அரிது. ஆனால் அதன்மேல் இன்னொரு மருந்து ஏறும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அந்த இரண்டாவது மருந்தைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது. சிற்றூரில் வசதி ஏது என்பதும் முழுக் காரணம் ஆகாது. ஈசிஜிக்கும் பொட்டாசியம், மக்னீசியம் ரத்தப் பரிசோதனைக்கும் பக்கத்துக் கும்பகோணமே போதும்.

ஆகவே, 'மாற்று இதயம். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன்' என்று தமிழில் எழுதிய ஓர் அட்டை மாற்று இதயம் பெற்றவரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். அதைப் படிக்கும் கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுக்குமுன், அறுவை செய்த மருத்துவர் குழுவைக் கேட்டுவரச் சொல்லட்டும். ஒரு குடும்பம் தன் துயரத்தின் நடுவே கொடுத்த இதயம் அது. அதற்காக ஒரு தொலைபேசி அழைப்பு பெரிதல்ல.